நூறுக்குக் கீழே

“நூத்திப் பதினெட்டு” என்றாள் செல்லத்தாய்.

சோணைமுத்து ஆட்டுக்கால் சூப்புக் கிண்ணத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். இனித் தேறப்போவதில்லை என்று முடிவே செய்துவிட்டான். சூப்பு ஆறிவிடுமே என்ற நினைப்பு வந்ததும் கிண்ணத்தை மறுபடியும் எடுத்தான்.

விஷக் காய்ச்சல் விட்டுப் பதினோரு நாள் ஆகிறது. இருமல் போய்விட்டது, பசி வந்துவிட்டது. நாடி மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது.

“காய்ச்சல் போனாலும் கொஞ்ச நாளைக்கு நெஞ்சு வேகமாத்தான் அடிக்கும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நாடியை எண்ணி நோட்டுல எழுதுங்க. நூறுக்குக் கீழ வந்தாத்தான் வேலைக்குப் போகலாம். அதுவரைக்கும் கட்டிலை விட்டு இறங்கப்படாது. அசட்டையா இருந்தா நெஞ்சையே பாதிச்சிரும்” என்று ராஜபாளையத்து டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

சோணைமுத்து மதுரை பஸ்ஸில் கண்டக்டர். நிற்கிற கூட்டத்தையும் சேர்த்து எழுபது தலையை ஒரே பார்வையில் எண்ணிவிடுவான். தன் கையில் நாடி எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

அதனால் எண்ணுகிற வேலை செல்லத்தாய் தலையில் விழுந்தது. அவள் பால்கோவா பட்டறையில் அடுப்படியில் நின்று கிண்டுகிறவள். ஒரு துளி கோவாவை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, இறக்கலாம் என்று அவள் சொன்னால் பட்டறை முதலாளிகூட மறுத்துப் பேச மாட்டார். வேலை முடிந்து வந்து, தெருக்குழாயில் நாலு குடம் பிடித்து வைத்துவிட்டு, அதே விரலால் புருஷன் மணிக்கட்டை அழுத்திப் பிடித்து, கல்யாணத்தில் அவனுக்கு மாமனார் போட்ட எச்.எம்.டி. வாட்ச்சில் முள்ளைப் பார்த்துக்கொண்டே எண்ணுவாள்.

“ஏட்டி, சரியா எண்ணுனியா?”

“கோவா பதமே எனக்குத் தப்புனதில்ல. இது தப்பிருமாக்கும்?”

“உனக்குந்தான் காய்ச்சல் வந்துச்சு. எனக்கு முந்தியே வந்துச்சு. நீ மூணாம் நாளே எந்திரிச்சுப் பட்டறைக்குப் போயிட்ட. எனக்கு மட்டும் ஏன் இப்படி?”

“நானும் படுத்துட்டா யாரு கஞ்சி காய்ச்ச? உங்க ஒடம்பு பஸ்ஸுலயே போயிப் பஸ்ஸுலயே வந்த ஒடம்பு. செத்த நேரம் வாயை மூடிட்டுப் படுங்க, பேசினா இன்னும் ஏறும்.”

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவள் நோட்டில் எழுதினாள்.

அந்த நேரம் பார்த்து அவன் பஸ் டிரைவர் சமுத்திரம் வந்தார். நோயாளிக்கென்று நாலு கமலா ஆரஞ்சு வாங்கி வந்தவர், பேச்சுவாக்கில் இரண்டைத் தானே உரித்துத் தின்றார்.

“உன் எடத்துக்கு வந்தானே முத்துவீரன், ஆளு பரவால்ல. சில்லறைக்குச் சண்டை போட மாட்டேங்கான். மொதலாளிக்குப் பிடிச்சுப் போச்சு. திங்கக்கிழமை நீ வரலைன்னா பையை அவன்கிட்டயே விட்டுருவாகளாம்.”

அவர் தெருமுனை தாண்டுமுன் செல்லத்தாய் மறுபடியும் கையைப் பிடித்தாள். நூற்று இருபத்தாறு.

“கேட்டதும் எகிறிருச்சு பாத்தியா?” என்றான் சோணைமுத்து. அவனுக்கே தன் நெஞ்சின் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

சனிக்கிழமை இருவரும் ராஜபாளையம் புறப்பட்டார்கள். பஸ்ஸில் ஒரு ஆளை எழுப்பிவிட்டுப் புருஷனை உட்காரவைத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறியதிலிருந்து இறங்குகிற வரைக்கும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள்.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். முகம் சுருங்கியது. சோணைமுத்து கையைப் பிடித்து ஒரு நிமிஷம் வாட்ச்சையே பார்த்தார்.

“எழுபத்தாறு” என்றார்.

“சார், நல்லாப் பாருங்க சார்” என்றான் சோணைமுத்து. யாரோ தன் சொத்தைக் குறைத்து மதிப்புப் போட்டதுபோல் இருந்தது அவனுக்கு.

டாக்டர் மறுபடியும் எண்ணினார். “அதே எழுபத்தாறுதான்யா. கல்லுக்குண்டு மாதிரி இருக்கீரு. ஏம்மா, நீங்க எப்படி எண்ணுனீங்க? செஞ்சு காட்டுங்க.”

செல்லத்தாய் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு, பட்டறையில் பதம் பார்க்கிற கவனத்தோடு புருஷன் மணிக்கட்டில் கட்டைவிரலைப் பதித்தாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். “அதான பாத்தேன். கட்டைவிரலை வைக்கப்படாதும்மா. கணக்கு தப்பாப் போயிரும்.”

“போச்சா? கோவா பதம் பாக்குற லட்சணமா இது? இத்தனை நாளா என்னியப் படுக்கவச்சே கொன்னுட்டியேடி!” சோணைமுத்து எழுந்து நின்று சட்டைக் கையை மடித்துவிட்டான். அவனுக்கு அப்போதே விசில் ஊத வேண்டும் போலிருந்தது.

செல்லத்தாய்க்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு மூச்சும் வாங்கியது. “திட்டுனா திட்டிட்டுப் போறீக. அப்ப இவுக திங்கக்கிழமை வேலைக்குப் போகலாமா சார்?”

டாக்டர் அவள் கையை எட்டிப் பிடித்து, மூன்று விரலை வைத்து, வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் முடிந்தது. நோட்டின் கடைசி வரியை ஒருமுறை பார்த்தார். அவர் சிரிப்பு எங்கேயோ போயிருந்தது.

“அவரு தாராளமாப் போகட்டும். நீங்க கட்டில்ல படுங்க” என்றார். “கட்டைவிரல்லயும் ஒரு நாடி ஓடுது தாயி. இம்புட்டு நாளும் நீங்க எண்ணுனது உங்க நெஞ்சை.”