கோணல் மூக்கு

"மூக்கு இன்னும் கோணலா வரணும்மா. இது ரொம்ப லட்சணமா இருக்கு. அவன் இவ்ளோ லட்சணம் கிடையாது."

செல்லப்பன் சொல்லச் சொல்ல, லில்லி களிமண் மூக்கை இடது பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

வில்லியனூரில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, பாலிமர் களிமண்ணில் ஆட்களை அச்சு அசலாகப் பொம்மை செய்து தருகிறவள் அவள். வருகிறவர்கள் எல்லாரும் தொப்பையைக் குறை, வழுக்கையில் நாலு முடி வை என்றுதான் கேட்பார்கள். அசிங்கமாகச் செய் என்று கேட்டு வந்த முதல் ஆள் இந்தப் பெரியவர்தான். அதற்காகப் பாகூரிலிருந்து மொபெட்டில் மூன்றாவது தடவையாக வந்திருக்கிறார்.

"ஒரு போட்டோ குடுத்திருந்தா நானே பாத்துச் செஞ்சிருப்பேனே ஐயா."

"கமலக்கண்ணன் போட்டோவை நான் இன்னாத்துக்கு வெச்சிருக்கப் போறேன்? எதிர் வூடுதான். பேச்சு நின்னு இருபத்திரண்டு வருசம்."

"அப்படி இன்னா சண்டை?"

"பொண்ணு கல்யாணப் பத்திரிகையில, தங்கள் நல்வரவை விரும்பும்னு முப்பத்தோரு பேரு போட்டான். நான் எண்ணிப் பாத்தேன். பந்தல்காரன் பேரு இருக்கு, என் பேரு இல்ல. கேட்டா, விட்டுப் போச்சாம். முப்பத்தோரு பேரு ஞாபகம் வந்தவனுக்கு முப்பத்திரண்டாவது வராதா?"

உள்ளேயிருந்து லில்லியின் கணவன் கலைவேந்தன் எட்டிப் பார்த்தான்.

"ஓவன்ல வைக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சொல்லிடுங்க ஐயா. வெந்துட்டா கல்லு மாதிரி. அப்புறம் மூக்கைத் திருப்ப முடியாது."

"இடது கன்னத்துல மரு. மிளகு அளவு இல்ல, சுண்டைக்கா அளவு. மேல் உதட்டுல தையல் போட்ட தழும்பு. வலது காது மடல் பாதி கிழிசல், சின்ன வயசுல மாடு முட்டினது."

எல்லாவற்றையும் செய்தாள். உள்ளங்கைக்கு அடங்குகிற ஒரு தலை, கொஞ்சம் தோள்.

செல்லப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கட்டைவிரலால் அந்த முகத்தை மெல்லத் தடவினார். உதடு எதையோ முணுமுணுத்தது.

"அழுத்தாதீங்க ஐயா, இன்னும் வேகல."

"சரி. இவன்தான்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"சட்டைக்கு இன்னா கலர்?"

"எதையாவது பூசு. கலரு யாருக்கு வேணும்?"

"கண்ணாடிப் பெட்டியில வெச்சுக் குடுக்கட்டா?"

"பெட்டி வேணாம். கைக்குக் கிடைக்கணும். நான் ஒரு தடவை பாத்ததும் கமலக்கண்ணன் வூட்டுக்கே பார்சல்ல அனுப்பிடு. அமாவாசைக்குள்ள போய்ச் சேரணும். அனுப்பினது யாருன்னு என் பேரு எங்கியும் இருக்கக் கூடாது."

மொபெட் தெருமுனையைத் தாண்டியதும் கலைவேந்தன் வந்து நின்றான்.

"லில்லி, இது செய்வினைடி."

"சும்மா இருங்க."

"பகையாளி உருவம். பேரு இல்லாத பார்சல். அமாவாசை. கண்ண மூடி மந்திரம் வேற. பெட்டி வேணாமாம். மூடி வெச்சா வேலை செய்யாது போல! நாளைக்கு அந்த மனுசனுக்குக் கை கால் இழுத்துக்கிச்சுன்னா போலீசு யார் வூட்டுக்கு வரும்?"

லில்லி பொம்மையை மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள்.

"இப்ப இன்னா பண்றது?"

"முகத்தை மாத்திடு. எந்த மந்திரமா இருந்தாலும் ஆள் அடையாளம் தெரியாம திரும்பிப் போயிடும்."

லில்லி மூக்கை நேராக்கினாள். மருவைக் கிள்ளி எறிந்தாள். தழும்பை வழித்து, காதை ஒட்டவைத்து, மாதாவை வேண்டிக்கொண்டு ஓவனில் வைத்தாள். வெளியே வந்தபோது கமலக்கண்ணன் பெண் பார்க்கக் கிளம்பின மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

அமாவாசைக்கு நான்கு நாள் முன்னதாக செல்லப்பன் வந்தார். பொம்மையைப் பார்க்கக்கூட இல்லை. வாங்கியதும் கண்ணை மூடினார். கட்டைவிரல் கன்னத்தில் போய் நின்றது.

"மரு எங்கம்மா?"

விரல் மூக்குக்குப் போனது.

"இது யாரு?"

"நான்தான் மாத்தினேன் ஐயா. வெந்தாச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. நான் மாதா கோயிலுக்குப் போறவ. ஒருத்தர் குடியைக் கெடுக்க உருவம் செஞ்சு தர மாட்டேன். உங்க பகையை உங்களோட வெச்சுக்குங்க. அவரு நல்லா இருக்கட்டும்."

"எவன் நல்லா இருக்கறது? அவன் செத்து ரெண்டு மாசம் ஆவுது."

கலைவேந்தன் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான்.

"அப்போ இது யாருக்கு?"

"அவன் சம்சாரம் அமிர்தத்துக்கு. அந்தம்மாவுக்குக் கண்ணு போயி ஏழு வருசம் ஆவுது. புள்ளைங்க அவன் படத்தைப் பெரிசு பண்ணி, கண்ணாடி போட்டு மாட்டிட்டுப் போயிட்டானுங்க. அது தெனம் அந்தக் கண்ணாடியைத் தடவித் தடவிப் பாக்குது. தெருவுல இருந்தே தெரியுது. வழவழன்னு இருக்கற கண்ணாடியில புருசன் எங்கம்மா கெடைப்பான்? அமாவாசைக்குப் படையல் போடறப்பவாவது அவன் மூஞ்சி அது கைக்குக் கெடைக்கட்டும்னு பாத்தேன்."

கலைவேந்தன் மெல்ல அடுப்படிப் பக்கம் நகர்ந்தான்.

லில்லி புதுக் களிமண்ணை எடுத்துப் பிசைய ஆரம்பித்தாள்.

"மரு சுண்டைக்கா அளவுதானே ஐயா?"

"ஆமா. குறைச்சிடாத."

"நாளைக்கே அனுப்பிடறேன். இந்தத் தடவை பார்சல்ல உங்க பேரைப் போடட்டா?"

"வேணாம்மா. அந்த வூட்டுல என் பேரு விட்டுப் போறது புதுசா இன்னா?"