மூன்றாவது தீவு

மார்கழிப் பனியில் பழவேற்காடு ஏரி வெள்ளையாகக் கிடந்தது. தடாவில் கிளம்பிய சிட்டிபாபு, தன் புது மோட்டார் படகை இரண்டு தீவுகளில் நிறுத்தாமலே ஓட்டிப்போனான். எதிரே உட்கார்ந்திருந்த ரமணா படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான். பிச்சாட்டூர் அணையில் தவறி விழுந்து செத்ததாக ஊர் நம்பிய பத்மாவதி, ரமணாவின் மனைவி; சிட்டிபாபுவின் ஒரே தங்கை.

“எங்க மச்சான் போய்க்கினு இருக்கோம்?”

“மூணாவது தீவுக்கு. ஊர்ல சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்டே.”

“பனி ஜாஸ்தியா இருக்குது. திரும்பிடலாம் மச்சான்.”

“பத்மா போய் ரெண்டு வருஷமாச்சு மாப்ளே. இன்னிக்கு ஒரு முடிவு கட்டியாவணும்.”

ரமணா அப்படியே சரிந்து அவன் கால்களைப் பிடித்துக்கொண்டான். “சத்தியமா சாகடிக்கணும்னு தள்ளல மச்சான்! ஏதோ கோவத்துல தள்ளிட்டேன்!”

சிட்டிபாபு தன் கால்களை விடுவித்துக்கொண்டான்.

“தனியா கஷ்டப்படறியேன்னு, உனக்குப் பொண்ணு பாக்கத்தான் இட்டாந்தேன்” என்றான் மெதுவாக.

பனி விலகியது. தீவுக் கரையில் பெண் வீட்டார் நின்று, சிரித்தபடி கையசைத்தார்கள்.

சிட்டிபாபு படகைக் கடல் பக்கம் திருப்பினான்.