ஏழாவது ஆள்

"எத்தனை சீசன் பாத்திருக்கீக டாக்டர்?"

செல்வலட்சுமி கேட்டதும் அண்ணன் மாரிக்கண்ணன் மேஜைக்கு அடியில் அவள் காலை ஓங்கி மிதித்தான்.

டாக்டர் ஜெயச்சந்திரனுக்குப் புரியவில்லை. "சீசனா?"

"அது ஒண்ணுமில்ல டாக்டர். பத்தாப்போட படிப்ப நிறுத்துன கழுத. எங்கன என்ன பேசணும்னு தெரியாது. நீங்க சொல்லுங்க."

டாக்டர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அவர்களுடைய அப்பா கோட்டைச்சாமிக்கு மலக்குடலில் புற்றுநோய். நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் ரூமுக்கு அவர்தான் போர்மேன். 2009 தீபாவளி லோடு எல்லாம் போய் முடிந்த கையோடு சென்னைக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். நாளை மறுநாள் ஆபரேஷன்.

"கட்டி ரொம்பக் கீழே இருக்கு. ஆசனவாய்த் தசையைக் காப்பாத்திட்டா, வயித்துல மாட்டுற பை மூணு நாலு மாசத்துக்குத்தான். அப்புறம் எடுத்துடலாம். காப்பாத்த முடியலைன்னா ஆயுசுக்கும் பைதான்."

கோட்டைச்சாமி வயிற்றைத் தடவிக்கொண்டார். ரயில் ஏறும்போதே சொல்லிவிட்டார். 'பையக் கட்டிக்கிட்டு மூச்சு விடுறதுக்குப் போய்ச் சேந்துரலாம்.'

"லேப்ராஸ்கோப்பி, ரோபோ, ரெண்டுலயும் சின்னச் சின்ன ஓட்டைதான். லேப்ராஸ்கோப்பியில டிவியைப் பார்த்துக்கிட்டே கருவியை நான் கையில பிடிப்பேன். ரோபோவுல மெஷின் பிடிக்கும், நான் தள்ளி உக்காந்து இயக்குவேன். இடுப்புக்குள்ள இடுக்கான இடத்துல அது நல்லாத் திரும்பும். புது மெஷின். ரோபோவுலயே பண்ணிடலாம்."

"ரோபோவுக்குக் கை நடுங்காதுல்ல டாக்டர்!" என்றான் மாரிக்கண்ணன். ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே ஊரில் பாதிப்பேருக்கு போன் போட்டு 'எங்கப்பாவுக்கு ரோபோ' என்று சொல்லி முடித்திருந்தான்.

செல்வலட்சுமி விடவில்லை. "மெஷினு தானா ஓடுமா, நீங்க ஓட்டணுமா?"

"நான்தான்மா ஓட்டணும்."

"அதான் கேக்கேன், எத்தனை சீசன்?"

அவள் அப்பாவின் வழக்கம் அது. மருந்து ரூமுக்கு யார் வேலைக்கு வந்தாலும், முதலாளியே சீட்டுக் கொடுத்து அனுப்பினாலும், வாசலில் நிறுத்தி, எத்தனை தீபாவளிக்கு மருந்து கலந்திருக்கிறாய் என்று அதைத்தான் கேட்பார். அதிலும் ஒரு கொக்கி உண்டு. சரவெடி மருந்தில் இருபது சீசன் பார்த்தவனும் வானத்தில் பூவாய் விரியும் பேன்சி மருந்துக்குப் புதுசுதான். அடுத்த கம்பெனி ரூமெல்லாம் வெடித்த வருஷத்திலும் அவர் ரூம் ஓடுகூட நகராமல் நின்றது.

அந்தக் கோட்டைச்சாமிதான் இப்போது டாக்டர் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் சிரித்தார். "பதினாறு வருஷமா ஆபரேஷன் பண்றேன்மா."

"அது எல்லாஞ் சேத்து. இந்த ஆபரேஷன லேப்ராஸ்கோப்பியில எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீக?"

"முந்நூறுக்கு மேல."

"ரோபோவுல?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆறு."

"அப்ப எங்கப்பா ஏழாவது ஆளா?"

டாக்டர் பைலை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

மாரிக்கண்ணன் குதித்தான். "கெடுத்தியே குடிய! கத்தி வைக்கப்போற மனுசன்கிட்டயா வம்பு வளப்பாக? நீயே ஆபரேசன் பண்ணுடி!"

"பண்ணுவேன். நீங்கதான் எனக்கு மொத ஆளுன்னு சொல்லிட்டுப் பண்ணுவேன்."

"வந்ததும் மன்னிப்புக் கேட்டுரு தாயி," என்றார் கோட்டைச்சாமி மெதுவாக.

"ஏம்ப்பா, ஆறு நாள் கலந்தவன ஒங்க ரூமுக்குள்ள விடுவீகளா?"

"அது வெடிமருந்து தாயி. வெடிச்சா பத்து உசுரு."

"இது ஒரு உசுரு. அதனால கேக்கப்படாதாக்கும்?"

கோட்டைச்சாமி கட்டியிருந்த கையை எடுத்தார்.

கதவு திறந்தது. டாக்டர் உட்காராமலே பைலைக் காட்டினார். ரோபோ என்று எழுதியிருந்தது கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது.

"லேப்ராஸ்கோப்பியிலயே பண்றேன். அதுதான் எனக்குக் கை பழகின வழி. ரோபோ நல்ல மெஷின்தான். ஆனா இந்த நோய்க்கு அதுதான் மேல்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கல. தசையைக் காப்பாத்த முழு முயற்சி எடுப்பேன். உறுதி சொல்ல முடியாது."

கோட்டைச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "முந்நூறுன்னா சரிங்க டாக்டர். படுக்கேன்."

மாரிக்கண்ணன் பொசுக்கென்று எழுந்து கையெடுத்துக் கும்பிட்டான். "நீங்க தெய்வம் டாக்டர். அவ பேசுனத மனசுல வச்சுக்காதீக."

செல்வலட்சுமிக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"அந்த ஆறு பேரு கேட்டப்ப என்ன டாக்டர் சொன்னீக?"

டாக்டர், மாரிக்கண்ணனின் இறங்காத கைகளைப் பார்த்தார்.

"அவங்க யாரும் கேக்கலைம்மா. இப்படித்தான் கும்பிட்டாங்க."