மகள் போன இடம்

“நான் வர்ற வரைக்கும் சாப்பிட்டுடாதீங்க, என்ன?” போனில் கொஞ்சிக்கொண்டே மகள் பேருந்தில் ஏறினாள். பின்வாசல் வழியாக அம்மாவும் ஏறியது அவளுக்குத் தெரியாது.

முந்தின நாள்தான் கல்லூரியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். “உங்க பொண்ணு படிப்பை விட்டு நின்னு நாலு மாசமாச்சே, உங்களுக்குத் தெரியாதா?” தினமும் காலையில் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியவளுக்குத் தலையில் இடி இறங்கியது.

அம்மாவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துக் கண்ணாடி மாட்டிவிட்டவளுக்குத் தன் வீட்டுக்குள் நடந்தது தெரியாமல் போயிற்று. அப்பா இல்லாத பிள்ளை என்று பொத்திப் பொத்தி வளர்த்ததற்கு இதுதான் கூலியா? எவனோ ஒருத்தன் சாப்பிடாமல் காத்திருக்கிறானாம்!

மகள் இறங்கிய இடம் புற்றுநோய் மருத்துவமனை. அம்மா ஒரு கணம் பேருந்துப் படியிலேயே நின்றுவிட்டாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

“என்னம்மா, இன்னிக்கு நாள் மாறி வந்துட்டீங்க?” என்றார் வாசல் காவலாளி. அவருக்குப் பதில் சொல்ல இதுவா நேரம்?

இரண்டாவது மாடி. ஆய்வுக்கூடத்தின் கதவைப் படாரென்று தள்ளினாள். வெள்ளைக் கோட்டு போட்ட மகள், எழுபது வயதுப் பெரியவர் ஒருவரின் கையிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“வெறும் வயித்தோட வரணும்னு காலங்கார்த்தால போன் போட்டுடும் இந்தப் பொண்ணு. ஒரு வாய் காப்பிக்கு வழியில்லை,” என்று வந்தவளிடம் முறையிட்டார் பெரியவர்.

வெலவெலத்துப்போன மகள், ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, அம்மாவை வராந்தாவுக்கு இழுத்து வந்தாள்.

“கம்ப்யூட்டர் படிப்புல மனசு ஒட்டலைம்மா. இங்க பயிற்சி மாணவியாச் சேர்ந்துட்டேன். நோய் குணமானவங்களுக்கு அது திரும்ப வருதான்னு, ஸ்கேன்ல தெரியறதுக்கு முன்னாடியே ரத்தத்துல கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி இது. அதைப் பத்திப் படிச்சதுலேர்ந்து வேற எதுவும் ஓடலை.”

“அதுக்கும் உனக்கும் என்னடி சம்பந்தம்? எனக்கு வந்தது பத்து வருஷத்துக்கு முன்னாடி. அது போயி, முடியெல்லாம் வளர்ந்து, குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்!”

மகள் கையுறைகளைக் கழற்றினாள். அம்மா விடவில்லை.

“நமக்குள்ள ஒளிவுமறைவே கிடையாதுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டிருந்தேனே! தினமும் பையை மாட்டிக்கிட்டு, என் மூஞ்சியைப் பார்த்து, ‘காலேஜுக்குப் போயிட்டு வர்றேம்மா’ன்னு சொல்ல எப்படி மனசு வந்துச்சு? நம்ப வெச்சுக் கழுத்தை அறுத்துட்டியேடி!” சுவரில் சாய்ந்தாள் அம்மா. “சொல்லு, என்னிக்கு வந்துச்சு உனக்கு இந்தப் புத்தி?”

மகள் மெல்ல அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உனக்கு அது திரும்ப வந்ததை நீ எங்கிட்ட மறைச்ச அன்னிக்கும்மா.”