கையுறைக்குள் என்ன?

முதல் சுற்றிலேயே தன் சிஷ்யை ஒரே குத்தில் விழுந்ததும், பயிற்சியாளர் ஸ்டோயன் நடுவரிடம் ஓடினார்.

"அந்தப் பொண்ணு கிளவுஸைக் கழட்டிப் பாருங்க. உள்ள எதையோ வெச்சிருக்கா."

பிளோவ்டிவ் நகர அரங்கமே பார்த்திருக்க, ஜெயித்த ரலிட்சா கையுறைகளைக் கழற்றினாள். உள்ளே கையில் சுற்றியிருந்த துணிக்கட்டையும் பிரித்துக் காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை.

ஸ்டோயனுக்குச் சந்தேகம் தீரவில்லை. உடை மாற்றும் அறை வாசலில் அவளை மறித்தார்.

"உண்மையைச் சொல்லு. ஊசி ஏதாவது போட்டுக்கிட்டியா?"

"இல்ல மாஸ்டர். சோதனைக்கு ரத்தம் குடுத்துட்டுத்தான் வர்றேன்."

"உங்கப்பா குத்துச்சண்டைக்காரரா?"

"தையல்காரர்."

"அப்புறம் எங்கேருந்து வந்துச்சு இந்த அடி?"

"பழகினேன். காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி அடிக்கக் கத்துக்க ஒன்பது வருஷம் ஆச்சு."

"கதை விடாதே. அடிங்கிறது பிறவியிலேயே இருக்கணும், பழகி வராது. முப்பது வருஷமா நான் சொல்லிட்டிருக்கேன்."

"தெரியும் மாஸ்டர். பத்து வயசுல உங்ககிட்ட சேர வந்தேன். ஒரு குத்து விடச் சொல்லிப் பார்த்துட்டு, இதையேதான் சொல்லித் திருப்பி அனுப்பினீங்க."

ஸ்டோயன் ஒதுங்கி வழிவிட்டார்.