ஆரஞ்சு விளக்கு

ரோஸ்லினுக்கு மூச்சு ஆஸ்பத்திரியிலிருந்து கேபிளில் வருகிறது. வீட்டுக்கு இரண்டு கேபிள்கள். ஒன்றில் பச்சை விளக்கு எரியும். மற்றதில் நான்கு வருடமாக ஆரஞ்சு விளக்குதான்.

"ஒண்ணு சும்மாதான கிடக்கு, ரெண்டையும் ஓட விட்டா என்னம்மா?" லைன் பார்க்க வரும் மும்தாஜிடம் ரோஸ்லினின் கணவர் சவரிமுத்து ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"ரெண்டும் ஓடுனா ஒரே மூச்சு சுத்திச் சுத்தி வந்து அடைச்சுக்கிடும் அண்ணாச்சி. ஒண்ணு அறுந்தாத்தான் மத்தது தொறக்கும்."

அவருக்குச் சமாதானமாகவில்லை. எரிச்சலில் அந்த விளக்கை மறைத்துக் காலண்டரை மாட்டிவிட்டார்.

இன்று காலை, தெருவில் சாக்கடைக்குத் தோண்டிய இயந்திரம் கேபிளை அறுத்தது. பச்சை விளக்கு அணைந்தது. சவரிமுத்து பதறி அடுக்களைக்கு ஓடினார். குழம்புக்குப் புளி கரைத்தபடி தங்கையின் மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்த ரோஸ்லின், பேச்சை நிறுத்தவே இல்லை.

அவர் காலண்டரைத் தூக்கிப் பார்த்தார். ஆரஞ்சு விளக்கு பச்சையாகியிருந்தது.

சாயங்காலம் மும்தாஜ் அறுந்த கேபிளை ஒட்டி முடித்தாள். "இனி மத்தது பழையபடி ஆரஞ்சாயிரும் அண்ணாச்சி," என்றாள் தயங்கி.

"ஆகட்டும் தாயி. அது சும்மாவே கிடக்கட்டும்."

அவர் எதிர்ச் சுவரில் காலண்டருக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.