சின்ன எழுத்துக்காரர்

"திரும்பவும் பெரிசாக்கிப் போட்டான், கள்ளன்."

மார்க்கண்டு வாத்தியார் கணினிக்கு முன்னால் இருந்தபடி கத்தினார். குசினியில் அவர் மனைவி நல்லம்மா புட்டு அவித்துக்கொண்டிருந்தாள்.

விசயம் இதுதான். இணையத்தில் ஒரு ஆங்கிலக் கலைக்களஞ்சியம் இருக்கிறது. அதில் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். ஓய்வுபெற்ற இங்கிலீஸ் வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்? ரொறன்ரோவில் நிலத்துக்கு அடியால் ஓடுகிற ரயில்களைப் பற்றிய பக்கத்தில் போய்க் குந்திவிட்டார்.

அந்தப் பாதைகளின் பெயரோடு வரும் 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சின்ன எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது அவர் கட்சி. பெரிய எழுத்தில்தான் என்பது முகம் தெரியாத இன்னொருவனின் கட்சி. காலையில் இவர் சின்னதாக்குவார். மாலையில் அவன் பெரிதாக்கிவிடுவான். தன் ஊரான கொக்குவிலால் போகிற ரயிலிலேயே ஆடிக்கொருக்கால் ஏறுகிற மனிதருக்கு இந்த வேலை.

"உங்களுக்கு ஏனப்பா உந்தத் தலையிடி? எங்கடை தமிழிலை பெரிய எழுத்து, சின்ன எழுத்து எண்டு ஒண்டும் இல்லைத்தானே."

"விளங்காமல் கதையாதை. லைன் எண்டது பொதுப்பெயர். உதுக்கு என்ன தனி மரியாதை? இண்டைக்கு ஒரு எழுத்தை விட்டா, வேலி அடைக்கிற சாட்டிலை கதியால் தடியை அடுத்தவன்ரை காணிக்குள்ளை தள்ளி நடுறவன் மாதிரி, நாளைக்கு முழுப் பக்கத்தையும் பிடிச்சிடுவான்."

சத்தம் கேட்டு, பக்கத்து வளவு இரத்தினம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, வாத்தியாருக்கு ஏதும் காணிப் பிரச்சினையோ?"

"ஓம். கனடாவிலை ஒரு துண்டு" என்றாள் நல்லம்மா.

எழுத்துக்குத் தனி மரியாதை கூடாது என்று நிற்கிற இந்த மனிதர், ஆட்களில் மட்டும் பெரிது சிறிது நன்றாகவே பார்ப்பார். ஒரே மகள் வினோஜா குருநகர்ப் பெடியன் ஒருவனைக் கட்டிக்கொண்டு கனடாவுக்குப் போனதிலிருந்து, மருமகனோடு ஒரு சொல் கதைத்ததில்லை. தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரன், கடற்தொழில் குடும்பம். போதாதா? ஜெரிசன் என்ற பெயர்கூட அவர் வாயில் வராது. 'உவன்' தான்.

அந்த 'உவன்' ரொறன்ரோவில் ஓட்டுவது அதே நிலத்தடி ரயில். லைனைப் பெரிதாக்குகிற கள்ளனும் அவனேதான். மாமனார் சொந்தப் பெயரில் எழுதுவதைக் கண்டு, புனைபெயரில் போய் எதிரே நின்றிருக்கிறான். வினோஜா வாய்தவறித் தாயிடம் சொல்லிவிட்டாள்.

அடுத்த மாதம் இருவரும் ஊருக்கு வருகிறார்கள். "அவரை வா எண்டு கூப்பிடாத வீட்டுக்கு நானும் வரமாட்டன் அம்மா. குருநகரிலை மாமி வீட்டிலை நிண்டிட்டுப் போறம்" என்று மகள் முடிவாகச் சொல்லியிருந்தாள். வாத்தியாரை எப்படியாவது இளக்கி, மகளை இந்த வீட்டில் காண வேண்டும் என்பதுதான் நல்லம்மாவின் ஏக்கம். இப்போது இந்தக் கூத்தும் வெளிப்பட்டால், மனிதர் படலையையே பூட்டிவிடுவார்.

நல்லம்மா கிணற்றடிக்குப் போய் மருமகனுக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, உங்களுக்கு ஏன் அவரோடை சண்டை?"

"மாமி, நான் ஓட்டுற ரெயினின்ரை பேரை நான் பெரிசா எழுதக்கூடாதோ?"

"எழுதலாம் ராசா. இப்ப கொஞ்சம் விட்டுக்குடுங்கோ. அவருக்குத் தெரிஞ்சா உள்ளதும் போயிடும்."

"ஓம் மாமி. விடுறன்."

ஜெரிசன் சொன்ன சொல் தவறவில்லை. லைன் சின்ன எழுத்திலேயே கிடந்தது. வாத்தியார் வென்றுவிட்டார்.

வென்றவருக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் கணினியைத் திறந்து பார்ப்பார், மூடுவார். மத்தியானமும் அதே கதை. இரத்தினம்மாவின் சேவல் கூவினாலும் கோபம் வந்தது. "பாவி, ஏதும் சுகமில்லாமல் கிடக்கிறானோ தெரியாது" என்று ஒருநாள் தன்பாட்டில் முணுமுணுத்தார். நல்லம்மாவுக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

திரும்பவும் கிணற்றடி.

"தம்பி, கோவியாதேங்கோ. அதை ஒருக்காப் பெரிசாக்கி விடுங்கோவன். மனிசன் சாப்பிடுறார் இல்லை."

அன்று மாலையே வீடு அதிர்ந்தது. "வந்திட்டான், கள்ளன் வந்திட்டான்." கத்திவிட்டு வந்து குந்திய வாத்தியார், ஒரு நீத்துப்பெட்டி நிறைய அவித்த புட்டையும் தனியாளாக முடித்தார். "இன்னும் கொஞ்சம் சொதி விடு" என்று வேறு கேட்டார்.

நல்லம்மாவுக்கு இனி ஒளிக்க மனம் வரவில்லை. நடப்பது நடக்கட்டும் என்று துணிந்துவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, ஒண்டு சொல்லுவன், கத்தக்கூடாது. அந்தக் கள்ளன் ஆரெண்டு…"

"ஜெரிசன்" என்றார் வாத்தியார்.

நல்லம்மா சொதிச் சட்டியோடு அவருக்குக் கிட்ட வந்தாள்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"முதல் கிழமையே தெரியும். அந்த விதி, இந்த விதி எண்டு பக்கம் பக்கமா இங்கிலீசிலை என்னோடை வாதாடிப்போட்டு, கடைசியிலை 'சாப்பிட்டிட்டீங்களோ' எண்டு கேட்டிருந்தான். எந்த வெள்ளைக்காரன் சண்டைக்குள்ளை உப்பிடிக் கேப்பான்? உந்த ரெயினை ஓட்டுற தமிழன் எனக்குத் தெரிய அவன் ஒருத்தன்தானே."

"தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நாளும் சண்டை பிடிச்சனீங்கள்?"

"பின்னை? அவனோடை கதைக்க மாட்டன் எண்டு ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன். வேறை எப்பிடிக் கதைக்கிறது?"

நல்லம்மா சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். வாத்தியார் எழுந்து கை கழுவப் போனவர், வாசலில் நின்று திரும்பினார்.

"ரெண்டு பேரையும் இஞ்சை வந்து நிக்கச் சொல்லு. ஆனா, லைனுக்குப் பெரிய எழுத்துத்தான் சரி எண்டு எனக்கும் தெரியும் எண்டதை மட்டும் அவனுக்குச் சொல்லிப்போடாதை. பிறகு நேருக்கு நேர் இருந்து என்னத்தைக் கதைக்கிறது?"